பினாங்கில் 33 டிகிரிதான் காட்டுகிறது, இரவில் ஏன் தூங்க முடியவில்லை?

கேள்வி: மார்ச் 9, 2024, ஜெலுத்தோங் வாசகர் ஒருவர்

"ஈக்குவினாக்ஸ் வருகிறது, மலேசியாவில் 40 டிகிரி அடிக்கும், ஐந்து நாள் வெளியே போகாதீர்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. என் மாமியார் அக்கினி நட்சத்திரம் முன்கூட்டியே வந்துவிட்டது என்கிறார். கைப்பேசியில் பார்த்தால் பாயான் லெப்பாஸில் 33 டிகிரிதான். சுற்றிலும் கடல். பிறகு ஏன் இப்படி வேகிறது? ராத்திரிகூட தூங்க முடியவில்லை."

மார்ச் 9, இரவு 11.50

முதலில் அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள். வருடா வருடம் மார்ச் மாதம் அதே செய்தி, அதே 40 டிகிரி, தேதியை மட்டும் மாற்றிக்கொண்டு வருகிறது. வானிலைத் துறையும் சலிக்காமல் மறுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

ஈக்குவினாக்ஸ் அன்று சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வரும், அவ்வளவுதான். பினாங்கு அதற்கு 5.4 டிகிரி வடக்கே இருக்கிறது. நம் தலைக்கு நேர் மேலே சூரியன் வருவது ஏப்ரல் 3, 4 வாக்கில். அப்புறம் செப்டம்பர் 8, 9 வாக்கில் இன்னொரு முறை. செப்டம்பரில் யாராவது இப்படிப் புலம்பிக் கேட்டிருக்கிறீர்களா? அப்போது வானத்தில் மேகமும் மழையும் இருக்கும். சூரியன் எங்கே நிற்கிறது என்பதைவிட, நடுவில் மேகம் இருக்கிறதா என்பதுதான் நமக்கு முக்கியம்.

மாமியார் சொல்லும் அக்கினி நட்சத்திரம் மே 4 முதல் 28 வரை, தமிழ்நாட்டு நிலத்துக்குப் போட்ட கணக்கு. அங்கே தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய காய்ந்த வாரங்கள் அவை. இங்கே மே மாதத்தில் மாலை இடிமழை வந்துவிடும். நம் கத்திரி வெயில் பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரல் வரை. வடகிழக்குப் பருவக்காற்று கிளந்தான், திரெங்கானு பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, தித்திவாங்சா மலையைத் தாண்டி நம் பக்கம் வரும்போது கையில் மழை மிச்சம் இருக்காது. மேகம் இல்லாத வானம், காய்ந்த மண், அதுதான் சூடு.

இந்த வருடம் எல் நினோவும், அதாவது பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலையும், சேர்ந்திருக்கிறது. போன வருடம் நடுவில் தொடங்கியது. அது உச்சம் தொட்டுச் சில மாதம் கழித்துத்தான் நம் பக்கம் சூடு ஏறும். 1998-லும் 2016-லும் அப்படித்தான் நடந்தது.

கடலைப் பற்றிக் கேட்டதற்கு நாளை எழுதுகிறேன். காலையில் வேலை.

மார்ச் 10, மாலை 6.15

கடல் இருந்தால் குளிர்ச்சி என்று நாம் சின்ன வயதிலிருந்து நம்புகிறோம். பாதி உண்மை. பகலில் நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். நிலத்தின் மேல் காற்று எழும்ப, கடலிலிருந்து காற்று உள்ளே வரும். அதனால்தான் பினாங்கில் 37, 38 என்று போகாமல் 33, 34-லேயே நிற்கிறது. கெடா, பெர்லிஸ் உள்பகுதிக்கு அந்தத் தயவு கிடைப்பதில்லை. மலேசியாவில் பதிவான மிக அதிக வெப்பம் 40.1 டிகிரி. 1998 ஏப்ரல் 9 அன்று பெர்லிஸ் சூப்பிங்கில் பதிவானது.

மறுபாதி இது. மலாக்கா நீரிணையின் மேல்நீரே இந்த மாதங்களில் 29, 30 டிகிரி இருக்கும். அதன் மேல் வரும் காற்று குளிர்ந்த காற்று இல்லை, ஈரம் நிறைந்த காற்று. நம் உடம்பு சூட்டைத் தள்ளுவதற்கு இருக்கும் பெரிய வழி வியர்வை. வழிந்து சொட்டும் வியர்வையால் பயன் இல்லை. அது ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது ஆவியாகாது, சட்டையில்தான் ஊறும்.

இன்னொன்று, ஜார்ஜ்டவுன், ஜெலுத்தோங் எல்லாம் தீவின் கிழக்குப் பக்கம். நடுவில் கொடிமலை 833 மீட்டர். மேற்கிலிருந்து வரும் கடல்காற்றை மலை மறித்துவிடும். நமக்குக் கிடைப்பது பெருநிலத்துக்கும் தீவுக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய கால்வாயின் காற்று.

மார்ச் 10, மாலை 6.40

ஒரு கணக்கைச் சேர்க்க விட்டுப்போனது. அமெரிக்க வானிலைத் துறை பயன்படுத்தும் வெப்பக் குறியீட்டு அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். 35 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் உடம்புக்கு சுமார் 41 டிகிரி மாதிரித் தெரியும். 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றாலும் சுமார் 41.

அதாவது கெடா உள்பகுதியில் 35-ல் நிற்கிறவரும் ஜார்ஜ்டவுன் வெல்ட் கீ கடற்கரையில் 32-ல் நிற்கிறவரும் ஒரே வேக்காட்டில்தான் இருக்கிறார்கள். ஒருவருடைய எண் செய்தியில் வரும், மற்றவருடையது வராது. என் மனதில் உறுத்துவது இதுதான்.

மார்ச் 12, இரவு 9.30

நோன்பு தொடங்கிவிட்டது. நான் பாயான் லெப்பாஸ் பக்கம் கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு மேற்பார்வை பார்க்கிறேன். எங்கள் தளத்தில் பாதிப் பேர் நோன்பாளிகள். கம்பி கட்டுகிற இந்தோனேசியத் தம்பி ஒருவன், "பகலில் தண்ணீர் இல்லாமல் இருப்பது பழக்கம்தான் அண்ணே, ராத்திரி தூக்கம் இல்லாததுதான் தாங்கவில்லை" என்றான். கேள்வி கேட்ட ஜெலுத்தோங் நண்பர் சொன்னதும் அதுதானே.

தளத்தில் நாங்கள் சாதாரண வெப்பமானியை மட்டும் நம்புவதில்லை. ஒரு கருவி உண்டு, மூன்று வெப்பமானி சேர்ந்தது. ஒன்று ஈரத்துணி சுற்றியது, ஒன்று கறுப்பு உருண்டைக்குள் இருப்பது, ஒன்று சாதாரணமானது. வெயிலில் அளக்கும்போது கணக்கில் ஈரத்துணிக்கு 70 சதவீத எடை, கறுப்பு உருண்டைக்கு 20, சாதாரண வெப்பமானிக்கு வெறும் 10. நாம் தினமும் கைப்பேசியில் பார்க்கிற எண்ணுக்கு, மனிதன் வேலை செய்யலாமா என்று முடிவெடுக்கும் கணக்கில் பத்தில் ஒரு பங்குதான் மதிப்பு. தொழிலிடப் பாதுகாப்புத் துறை 2016-இல் வெளியிட்ட வெப்ப அழுத்த வழிகாட்டியும் இந்த அளவையைத்தான் சொல்கிறது.

மார்ச் 13, காலை 5.50

"நடுப்பகல் 12 மணிக்கு வெளியே போகாதே" என்பது நம் ஊருக்குப் பொருந்தாது. தீபகற்பத்தின் கடிகாரத்தை 1982 ஜனவரி 1 அன்று அரை மணி முன்னால் தள்ளினார்கள். நாம் இருப்பது 100 டிகிரி தீர்க்கரேகையில், கடிகாரம் ஓடுவது 120 டிகிரிக்கு. அதனால் இந்த மாதத்தில் பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது ஒன்றரை மணிக்கு ஒட்டி. காற்று அதிகம் சூடாவது அதற்கும் பின்னால், மூன்று, நான்கு மணிக்கு.

இப்போது யோசியுங்கள், காலைப் பள்ளி விட்டுப் பிள்ளைகள் சாலையில் நடக்கும் நேரம் எது? ஒரு மணி, ஒன்றே கால். சரியாக உச்சி வெயில். நிழல்கூட விழாது. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடத்தில் ஒரு கூரை இருந்தால் எவ்வளவோ உதவி.

இதில் நமக்கு ஒரு லாபமும் உண்டு. சூரியன் உதிப்பதே ஏழரை மணிக்கு ஒட்டித்தான். காலை ஒன்பது மணி வரை கனமான வேலைக்கு நல்ல நேரம். எங்கள் தளத்தில் கான்கிரீட் போடுவதை விடியற்காலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

மார்ச் 17, இரவு 10.10

சுங்கை டுவா நண்பர் எழுதுகிறார்: "ஆபத்து என்றால் அரசாங்கம் எச்சரிக்கை கொடுத்திருக்குமே, நம் பகுதிக்கு ஒன்றும் வரவில்லையே?"

எச்சரிக்கை எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒரு இடத்தில் பகல் உச்ச வெப்பம் தொடர்ந்து மூன்று நாளாவது 35 முதல் 37 டிகிரி இருந்தால் முதல் நிலை. 37 முதல் 40 என்றால் இரண்டாம் நிலை, அதைத்தான் வெப்ப அலை என்பார்கள். 40-க்கு மேல் போனால் மூன்றாம் நிலை. வானிலைத் துறையின் மைசுவாச்சா (myCuaca) செயலியில் மாவட்டவாரியாகப் பார்க்கலாம். பள்ளிகளில் வெளி விளையாட்டை நிறுத்துவது, 37-க்கு மேல் தொடர்ந்தால் பள்ளியையே மூடுவது எல்லாம் இந்தப் படிகளை ஒட்டித்தான். 2016 ஏப்ரலில் பெர்லிஸிலும் கெடாவிலும் பள்ளிகளை மூடியது நினைவிருக்கும்.

இந்த முறையைக் குறை சொல்ல மாட்டேன். உள்நாட்டுச் சமவெளிக்கு நன்றாக வேலை செய்கிறது. கரையோரத்துக்கு அது போதாது என்பதுதான் என் வாதம். 33 டிகிரி, நிறைய ஈரம், காற்றசைவு இல்லை, இரவும் இறங்கவில்லை என்று பல வாரம் போனாலும் 35 என்ற கோட்டைத் தொடாததால் ஜார்ஜ்டவுனுக்கு எதுவும் வராது. ஈரத்தையும் இரவையும் சேர்த்துக் கணக்கிடும் இன்னொரு கோடு நமக்கு வேண்டும்.

மார்ச் 23, நள்ளிரவு 12.35

தூக்கம் வராமல்தான் எழுதுகிறேன். அம்மா இப்போதுதான் கண் அசந்திருக்கிறார்.

எங்கள் வீடு அடுக்குமாடியின் கடைசி மாடி, மேற்குப் பார்த்த சுவர். கூரை முழுக்கக் கான்கிரீட். பகல் முழுக்கக் காய்ந்த தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாலும் சூடு உடனே போகாது அல்லவா, தலைக்கு மேலே அதுதான் இருக்கிறது. கூடத்தில் வைத்திருக்கும் வெப்பமானி இப்போது 31 காட்டுகிறது. வெளியே 27-க்குப் பக்கம். சன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் வித்தியாசம் தெரிகிறது.

வானிலை நிலையம் அளப்பது விமான நிலையப் புல்தரையில், நிழல் பெட்டிக்குள் இருக்கும் காற்றை. உலகம் முழுக்க அப்படித்தான் அளக்க வேண்டும், அது சரியான முறை. ஆனால் என் அம்மா புல்தரையில் படுத்திருக்கவில்லை, 31 டிகிரியில் படுத்திருக்கிறார். பகலில் உடம்பு வாங்கிய சூட்டை இறக்குவது இரவில்தான். இரவும் விடவில்லை என்றால் மறுநாள் காலை எழும்போதே பாதிக் களைப்போடு எழுகிறோம். அடுத்த நாள் அதன் மேல் இன்னொரு சுமை. ஒரு நாள் 36 அடித்து இரவில் 23-க்கு இறங்கினால் இளவட்டம் மட்டுமல்ல, பெரியவர்களும் தாங்கிவிடுவார்கள். வாரக்கணக்கில் இறங்காத இரவுதான் ஆளைச் சாய்க்கிறது.

வயதானவர்களுக்கு வியர்ப்பது குறைவு, தாகம் எடுப்பதும் குறைவு. "தாகமாக இருக்கிறதா அம்மா?" என்று கேட்டால் இல்லை என்பார். அதனால் கேட்பதை விட்டுவிட்டேன். மணிக்கு ஒரு முறை அரை டம்ளர் பார்லி தண்ணீரோ மோரோ கையில் கொடுத்துவிடுகிறேன். இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இதய, சிறுநீரக நோயாளிகள் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று மருத்துவரிடமே கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

"ஏர்கோன் போட்டுவிட வேண்டியதுதானே" என்று யாராவது எழுதுவார்கள். எங்கள் மாடியில் எத்தனை வீட்டில் ஏர்கோன் இல்லை என்று நடந்து பார்த்தால் தெரியும். இருக்கும் வீட்டிலும் மின்கட்டணத்தை நினைத்துப் பேரப்பிள்ளை வந்தால் மட்டும் போடுகிற பாட்டிகள் உண்டு. ஒரு வீட்டு ஏர்கோன் வெளியே தள்ளும் சூடு பக்கத்து வீட்டுச் சன்னலுக்குத்தான் போகிறது என்பது வேறு.

மார்ச் 24, காலை 11.00

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டுப் பலர் உபாயங்கள் அனுப்பியிருக்கிறார்கள். அன்புக்கு நன்றி. இரண்டைப் பற்றி மட்டும் எச்சரிக்க வேண்டும்.

ஈரத் துணியை, கோணிச்சாக்கை வீட்டுக்குள் தொங்கவிடுவது. மதுரையில், திருச்சியில் வேலை செய்யும், அங்கே கோடைக் காற்று வறண்டது. பினாங்கில் சன்னலைச் சாத்திக்கொண்டு இதைச் செய்தால் அறைக்குள் ஈரம்தான் கூடும். தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர் கூலரும் இதே வகைதான். கடைகளில் குவித்து வைத்திருக்கிறார்கள், வாங்கும் முன் யோசியுங்கள்.

மொட்டை மாடிக் கூரையின் வெளிப்பக்கம் மாலையில் தண்ணீர் தெளிப்பது பலன் தரும், ஈரம் வெளியே போய்விடும். ஆனால் அணைகளில் தண்ணீர் குறைந்துவரும் நேரத்தில் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

எனக்குப் பலன் தந்தது விசிறியை வெளிப்பக்கம் திருப்பி வைத்தது. இரவு பத்து மணிக்கு மேல் வெளிக்காற்று வீட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். ஒரு சன்னலில் விசிறியை வெளியே பார்த்து வைத்து, எதிர்ப்பக்கச் சன்னலைத் திறந்துவிட்டால் சூடான காற்று வெளியேறிப் புதுக்காற்று உள்ளே வரும். பகலில் மேற்குச் சன்னலுக்கு வெளியே மூங்கில் திரை. உள்ளே போடும் திரையைவிட வெளியே போடும் திரைதான் சூட்டைத் தடுக்கும். ஈரத்துண்டால் உடம்பைத் துடைத்துவிட்டு விசிறிக்கு முன்னால் உட்காருவது அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது.

அறையே 40 டிகிரிக்கு மேல் போனால் விசிறி அனலைத்தான் வீசும், அப்போது வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் வீடுகள் அந்த அளவுக்குப் போவதில்லை, தாராளமாகப் போடலாம்.

மார்ச் 24, இரவு 8.20

ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடுகளைப் பற்றிக் கேட்ட தங்கைக்கு: ஆமாம், உயரமான கூரை, நடுவில் வானம் பார்த்த முற்றம், சுண்ணாம்புப் பூச்சு, ஓடு, முன்னால் ஐந்தடி நடைபாதை. சூடான காற்று முற்றம் வழியாக மேலே ஏறிவிடும், நடைபாதையில் போகிறவருக்கு நிழல். அந்தக் காலத்துக் கொத்தனார்களுக்கு இந்த ஊர் வெயில் நன்றாகத் தெரிந்திருக்கிறது. இப்போது பல கடைவீடுகளில் முற்றத்தைக் கண்ணாடி போட்டு மூடிவிட்டு ஏர்கோன் வைக்கிறார்கள். எனக்கு மனது கேட்கவில்லை.

ஏப்ரல் 4, மதியம் 1.35

இடைவேளை. தளத்தில் நட்டு வைத்திருக்கும் கம்பியின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிட்டது. தம்பிகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். சூரியன் தலைக்கு நேர் மேலே, மணி 1.22. ஈக்குவினாக்ஸ் போய் இரண்டு வாரம் ஆகிவிட்டது, யாருக்கும் 40 அடிக்கவில்லை.

ஏப்ரல் 11, இரவு 9.00

பெருநாள் விடுமுறைக்குச் சுங்கைப் பட்டாணி பக்கம் அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறேன். நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டம் பக்கத்தில்தான். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, லயத்து வீடுகளில் மூன்று நான்குதான் மிச்சம்.

பகலில் இங்கே வெயில் சுடுகிறது, பினாங்கைவிட அதிகம். ஆனால் நேற்று இரவு நன்றாகத் தூங்கினேன். தகரக் கூரை, பலகைச் சுவர், பகலில் உள்ளே உட்கார முடியாது. பொழுது சாய்ந்த ஒரு மணி நேரத்தில் எல்லாம் ஆறிவிடுகிறது. சுற்றிலும் மரம், திறந்த வானம்.

அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். விடியுமுன் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), தலையில் விளக்கோடு மரத்துக்குப் போவார்கள். குளிர்ந்த விடியலில்தான் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் இலை வழியாக நீர் போய்விடும், பால் நின்றுவிடும். அதனால் வெயில் ஏறும்போது வெட்டு முடிந்திருக்கும். சூட்டைக் கூட்டிக் கழித்து நாளைப் பிரித்துக்கொள்ளும் வேலை அது. பிப்ரவரி, மார்ச்சில் மரம் இலை கொட்டும், வருமானமும் குறையும், நிழலும் போகும். அந்த மாதங்களில் அம்மா எங்களை மதியம் வெளியே விட மாட்டார். 1998-இல் நாங்கள் பட்ட பாடு அக்காவுக்கு என்னைவிட நன்றாக நினைவிருக்கிறது, கிணறு வற்றி லோரியில் தண்ணீர் வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் ஆட்கள் பட்ட கஷ்டத்தை அழகாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. வெயிலைப் பார்த்து வேலை நேரம் வைக்க முடியும் என்பதை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 14, காலை 7.40

பாலிக் புலாவ் நண்பர், டுரியான் என்ன ஆகும் என்று கேட்கிறார். உங்களுக்குத் தெரியாததா! சில வாரம் மழை இல்லாமல் காய்ந்தால்தான் மரம் பூக்கும். அதனால் வருட ஆரம்பத்து வறட்சி டுரியானுக்கு நல்லதே. பூ பிடித்துப் பிஞ்சு விட்ட பிறகும் வறட்சி நீண்டால் பிஞ்சு உதிரும். இப்போது அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறோம். தோட்டத்தில் தண்ணீர் வசதி உள்ளவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

அனைவருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள்.

ஏப்ரல் 28, இரவு 10.45

வெள்ளிக்கிழமை பக்கத்துத் தளத்தில் ஒரு பையன் விழுந்துவிட்டான். ஊரிலிருந்து வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வந்த மறுநாளே முழுநேரம் வெயிலில் நிறுத்தியிருக்கிறார்கள். எங்களைக் கூப்பிட்டார்கள், ஓடினோம்.

தோல் நெருப்பாய்க் கொதித்தது. பேச்சு குழறியது, தன் பெயரையே மாற்றிச் சொன்னான். அந்தக் குழப்பம்தான் முக்கிய அடையாளம். வெறும் களைப்பு, தலைவலி, தசைப்பிடிப்பு என்றால் நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம். புத்தி தடுமாறினால், மயங்கினால், வலிப்பு வந்தால் அது வெப்பத்தாக்கு. உடம்புச் சூடு 40-ஐத் தாண்டியிருக்கும். உடனே 999. ஆம்புலன்ஸ் வரும் வரை சும்மா நிற்கக் கூடாது. நிழலுக்குத் தூக்கி, சட்டையைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, அட்டையாலோ விசிறியாலோ விடாமல் வீச வேண்டும். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு. நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குப் போய்விடும். அங்கே ஒருவர் அதைத்தான் செய்யப் போனார், தடுத்தோம். வியர்வை இருக்கிறதே, வெப்பத்தாக்கு இல்லை என்று இன்னொருவர் வாதாடினார். உழைக்கும்போது வருகிற வெப்பத்தாக்கில் வியர்வை வழிந்துகொண்டே இருக்கலாம்.

பையன் பிழைத்துவிட்டான்.

உடம்பு இந்தச் சூட்டுக்குப் பழக ஒன்று, இரண்டு வாரம் ஆகும். புதிதாக வருபவரை முதல் நாள் வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் சூட்டில் நிறுத்தி, நாளுக்கு நாள் கூட்ட வேண்டும். எங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அந்தத் தளத்தின் ஆட்களிடம் சொன்னேன், "வேலை முடிய வேண்டுமே" என்றார்கள். எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

ஏப்ரல் 29, இரவு 8.00

நேற்று கோபத்தில் எழுதியதோடு இன்று ஒன்றைச் சேர்க்கிறேன். தைப்பூசத்துக்கு ஜார்ஜ்டவுனிலிருந்து தண்ணீர்மலை வரை எத்தனை பந்தல் போடுகிறோம். மோர், பானகம், பார்லி, ஐஸ் தண்ணீர். வெறுங்காலோடு வருபவர்களுக்காகத் தார்ச்சாலையில் தண்ணீர் ஊற்றுகிறோம். யாரும் உத்தரவு போட்டதில்லை. இந்த ஊர் இளைஞர்களுக்குப் பந்தல் போடக் கற்றுத்தர வேண்டியதில்லை. மார்ச், ஏப்ரலில் சாலை போடுகிறவர்கள், குப்பை அள்ளுகிறவர்கள், மோட்டாரில் உணவு கொண்டுபோகிறவர்கள் நிற்கும் இடத்தில் மதியம் ஒன்று முதல் நான்கு வரை ஒரு சிறு பந்தல், ஒரு பெஞ்சு, ஒரு டிரம் தண்ணீர் போதும். கோயில் இளைஞர் குழு ஒன்றிடம் பேசியிருக்கிறேன். அடுத்த வருடத்துக்கு யோசிக்கலாம் என்றார்கள். விட மாட்டேன்.

மே 12, மாலை 7.15

ஆயர் ஈத்தாம், தெலுக் பஹாங் அணைகள் பக்கம் இந்த மாதம் மேக விதைப்பு நடந்தது. உப்பு தூவினால் வெறும் வானத்திலிருந்து மழை வந்துவிடுமா என்று கேட்கிறீர்கள். வராது. ஏற்கெனவே திரண்டிருக்கும் மேகம் வேண்டும். உப்புத் துகள் ஈரத்தை இழுத்துத் துளியைப் பெரிதாக்கும், விழுவதற்கு உதவும். அதனால்தான் மேகமே இல்லாத நாளில் விமானம் ஏறுவதில்லை.

தீவுக்கும், பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறைக்கும் பெரும்பகுதித் தண்ணீர் கெடா எல்லையில் ஓடும் சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. அங்கே மழை இல்லை என்றால் இந்த இரண்டு அணையும் நிறைந்தால்கூடப் போதாது. கார் கழுவுகிறவர்கள் வாளியில் கழுவுங்கள்.

மாலை இடி கேட்கத் தொடங்கியிருக்கிறது, பெரும்பாலும் பெருநிலத்துப் பக்கம்தான் கொட்டுகிறது. மழைக்குப் பிறகு வரும் புழுக்கம் முன்னதைவிட மோசம் என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். நனைந்த சாலையிலிருந்து ஈரம் எழும்பும் ஒரு மணி நேரத்துக்கு அப்படித்தான் இருக்கும். அந்த நேரம் அம்மாவைக் கீழ்த்தளத்துத் திறந்த கூடத்தில் உட்கார வைக்கிறேன், பேச்சுத்துணையும் கிடைக்கிறது.

மே 26, காலை 6.30

விடியற்காலை நான்கு மணிக்குச் சன்னல் அடித்துக்கொண்டது. நீரிணையைத் தாண்டி வரும் சுமத்ரா சூறைக்காற்று. ஒன்றிரண்டு மணி நேரம் காற்றும் மழையும், அப்புறம் போய்விடும். தென்மேற்குப் பருவத்தில் அடிக்கடி வரும். கூடத்தில் 27 டிகிரி. அம்மா போர்வை கேட்டார்.

இனி வரும் மாதங்களில் சுமத்ரா பக்கம் புகை கிளம்பினால் சன்னலைச் சாத்த வேண்டி வரும், இரவுக் காற்று கதை மறுபடி மாறும். அதை அப்போது பார்க்கலாம்.

இப்போது ஒரு உதவி. பிப்ரவரியிலிருந்து இரவு 11 மணி வெப்பத்தை எழுதி வைத்திருப்பவர்கள் இங்கே போடுங்கள். எத்தனையாவது மாடி, சுவர் எந்தத் திசை, கூரை என்ன, ஏர்கோன் உண்டா, இவ்வளவு போதும். வீட்டு எண், பெயர் வேண்டாம். எங்கள் அடுக்குமாடி நிர்வாகக் கூட்டம் ஜூன் 9 அன்று. கீழ்த்தளத்துக் கூடத்தை மார்ச், ஏப்ரல் இரவுகளில் பூட்டாமல் வைக்க வேண்டும், நான்கு விசிறி மாட்ட வேண்டும், மேல்மாடிகளில் தனியாக இருக்கும் முதியவர்களின் பட்டியல் வேண்டும் என்று மூன்று கோரிக்கை எழுதியிருக்கிறேன். போன கூட்டத்தில் "33 டிகிரிதானே" என்று ஒருவர் தள்ளிவிட்டார். ஒன்பதாம் தேதிக்குள் உங்கள் எண்கள் வந்தால் அச்சடித்துக் கொண்டுபோவேன்.